பம்பரம், ரயில், முள்மயிர்: கடற்புழுக் குஞ்சுகளை அடையாளம் காணுதல்

ஆண்டுதோறும் மதுரைக் கல்லூரி விலங்கியல் ஆய்வகங்களில் முதலாண்டு மாணவர்களுக்கு நீரிஸ் புழு இருக்கும் ஜாடியை எடுத்துக் காட்டுகிறோம். ஃபார்மலினில் பல ஆண்டுகள் ஊறி, நிறமெல்லாம் வெளுத்து, கண்ணாடிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் அந்தப் புழுவைப் பார்த்துப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிற மாணவர், அதே புழுவின் குஞ்சைக் கடல்நீர்த் துளியொன்றில் நுண்ணோக்கி வழியே காட்டினால், "இது புழுவா சார்?" என்றுதான் கேட்பார். கேள்வி நியாயமானது. புழுவின் நீளமும் இல்லை, நெளிவும் இல்லை. கண்ணாடிப் பம்பரம் ஒன்று தானாகச் சுழன்றபடி பார்வை வட்டத்தைக் கடந்து ஓடுகிறது. அதைப் புழுக்குஞ்சு என்று எப்படி அறிவது, அதிலும் எந்தக் குடும்பத்துப் புழுவின் குஞ்சு என்று எந்த அளவுக்குச் சொல்ல முடியும் என்பதைத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரை.

பாடநூலில் பாலிகீட்டா என்று படித்த கூட்டம்தான் இது. மண்புழுவும் அட்டையும் சேர்ந்த வளைதசைப் புழுக்களின் தொகுதியில், பெரும்பாலும் கடலில் வாழும் பிரிவு. உடல் பல கண்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். கண்டத்தின் இருபுறமும் பக்கக்கால்கள் இருக்கும். அவற்றிலிருந்து கைட்டினால் ஆன முட்கள் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். பாடநூல் இவற்றைச் சீட்டா என்கிறது. நான் வகுப்பில் முள்மயிர் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். மண்புழுவை வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலால் வருடினால் சொரசொரவென்று தட்டுப்படுமே, அதே முள்மயிர்தான்; கடற்புழுவில் அது நீளமாகவும் ஏராளமாகவும் இருக்கிறது. லார்வாவை, அதாவது குஞ்சை, அடையாளம் காண்பதில் பாதி வேலை இந்த முள்மயிரைப் பார்ப்பதுதான்.

முதல் நிலையிலிருந்து தொடங்குவோம். கருவுற்ற முட்டையிலிருந்து வெளிவரும் லார்வாவுக்கு ட்ரோக்கோஃபோர் என்று பெயர். 1840-இல் ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் ஸ்வென் லோவன் இவ்வகை லார்வா ஒன்றை விவரித்தார். 1878-இல் பெர்த்தோல்ட் ஹாட்செக் ட்ரோக்கோஃபோர் என்ற பெயரை வழங்கினார். சக்கரம் தாங்கி என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சக்கரத்தைவிடப் பம்பரம் பொருத்தமான உவமை. பம்பரத்தின் அகன்ற நடுப்பகுதியில் சாட்டைக் கயிற்றைச் சுற்றியிருப்பதுபோல, லார்வாவின் வயிற்றுச் சுற்றளவில், வாய்க்குச் சற்று மேலே, குறுயிழைகள் எனப்படும் அசையும் நுண்மயிர்கள் வளையமாக அமைந்திருக்கின்றன. இதுவே புரோட்டோட்ரோக், அதாவது முன்வளையம். லார்வா நீந்துவது இதன் அசைவால்தான். பல இனங்களில் உணவு வாய்க்கு வந்து சேர்வதும் இதனால்தான். உச்சியில் குஞ்சலம்போல ஒரு குறுயிழைக் கொத்து, அதன் அருகில் செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ கண்புள்ளிகள், கீழ்நுனியில் மலத்துளை, அதைச் சுற்றிப் பல இனங்களில் பின்வளையமாகிய டீலோட்ரோக். மொத்த உருவமும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரைதான் இருக்கும்.

இந்த நிலையிலேயே பெயர் சொல்ல முயல்பவர்களை நான் தடுத்துவிடுவேன். நத்தை, சிப்பி முதலிய மெல்லுடலிகள் பலவற்றின் முதல் லார்வாவும் ஏறத்தாழ இதே பம்பரம்தான். சில மணி நேரமோ ஒரு நாளோ பொறுத்தால் மெல்லுடலியின் லார்வாவில் ஓட்டின் தொடக்கம் தெரியும்; புழுவின் லார்வாவில் கண்டமும் முள்மயிரும் தெரியும். காத்திருப்பதுதான் இங்கு முறை. மீன்முட்டையையும், இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரான கோப்பிபாட்டின் குஞ்சையும்கூடப் புதியவர்கள் புழு என்று எண்ணிவிடுவதுண்டு. கோப்பிபாட், கொட்டலசு ஆகியவற்றின் நாப்ளியஸ் குஞ்சுக்கு மூன்று சோடி மூட்டுக்கால்கள் உண்டு. அது வெட்டி வெட்டித் துள்ளும். புழுவின் குஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். இந்த நடை வேறுபாட்டை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு மறக்காது.

அடுத்து நிகழும் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள ராமேஸ்வரம் ரயிலை நினைத்துக்கொள்ளலாம். முன்னால் எஞ்சின், கடைசியில் கார்டு பெட்டி. கூடுதல் பெட்டிகள் தேவைப்படும்போது அவற்றை எஞ்சினுக்குப் பின்னால் கோக்காமல் கார்டு பெட்டிக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். புழு வளர்வது அப்படித்தான். முன்வளையத்துக்கு மேலுள்ள பகுதி தலைமடலாகும். மலத்துளை உள்ள நுனி கடைசிவரை வால்முனையாகவே இருக்கும். வால்முனைக்குச் சற்று முன்னே உள்ள வளர்ச்சி வளையத்திலிருந்து புதிய கண்டங்கள் பிறந்துகொண்டே இருக்கும். ஆகவே தலையை ஒட்டிய கண்டம் மூத்தது, வாலை ஒட்டியது இளையது. முதலில் சில கண்டங்கள் ஒரே சமயத்தில் தோன்றிவிடும் என்பது மட்டும் இந்த உவமைக்குள் அடங்காதது. கண்டங்கள் தெரியத் தொடங்கி, பக்கக்கால்கள் இன்னும் வேலை செய்யாத நிலையை மெட்டாட்ரோக்கோஃபோர் என்பார்கள். பக்கக்கால்களும் முள்மயிரும் வளர்ந்து, லார்வா அவற்றை அடித்து நீந்தத் தொடங்கிவிட்டால் அது நெக்டோகீட். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமானது, முள்மயிர் உள்ள கண்டங்கள் எத்தனை என்று எண்ணுவது. ஒரே இனத்தின் மூன்று கண்ட லார்வாவும் பதினைந்து கண்ட லார்வாவும் இருவேறு விலங்குகள்போலத் தோன்றும்; எண்ணிக்கையைக் குறிக்காத படத்தால் பிற்பாடு எந்தப் பயனும் இல்லை.

இங்கேதான் தொடக்கநிலையினர் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். வளர்ந்த புழுவில் நாம் காணும் உறுப்புகள் நிலையானவை. லார்வாவில் காண்பவற்றில் ஒரு பகுதி தற்காலிகமானது: குறுயிழை வளையங்களும், நீந்தும் காலத்துக்கென்றே முளைத்த நெடிய முள்மயிர்களும் கடலடியில் குடியேறும்போது உதிர்ந்துவிடும். எனவே லார்வாவைப் பார்க்கும்போது ஒவ்வொரு உறுப்பையும் பற்றி, இது இருந்துவிடப் போகிறதா, உதிரப் போகிறதா என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வியப்பு என்னவென்றால், குடும்பத்தை அடையாளம் காட்டுவதில் பல சமயங்களில் உதிரப் போகும் உறுப்பே முந்திக்கொள்கிறது. வளர்ந்த புழுவின் அடையாளங்களைக் கொண்டு எழுதப்பட்ட திறவுகோலை, அதாவது பெயர் காணும் வழிகாட்டியை, வைத்துக்கொண்டு லார்வாவுக்குப் பெயர் தேடுபவர் ஏமாறுவது இதனால்தான்.

எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால் எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லியாக வேண்டும். மதுரையில் கடல் இல்லை. வைகையும் பல ஆண்டுகள் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு தன் பயணத்தை முடித்துக்கொள்கிறது. ஆற்றங்கரை அருகே பாக் நீரிணைக் கடலை அது தொடும் ஆண்டுகள் குறைவு. ஆகவே மாதிரிக்கு நாங்கள் சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியுள்ள மண்டபம் என்ற கடற்கரை ஊருக்குத்தான் போகிறோம். அங்கே நிலம் குறுகி, வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடல். வடகடல், தென்கடல் என்று அங்குள்ள மீனவர்கள் சொல்வார்கள். வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல். எந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் வலை வீசலாம். 100 முதல் 150 மைக்ரான் கண்ணளவுள்ள மிதவையுயிரி வலையை மெதுவாக இழுத்தால் போதும். வேகமாக இழுத்தால் லார்வாக்கள் வலைத்துணியில் மோதி நசுங்கும், முள்மயிர்கள் ஒடிந்து போகும்.

ஒரு சித்திரை மாதத்தில் விடிகாலையில் எடுத்த அருமையான மாதிரியைப் புட்டியில் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, பேருந்தின் சாமான் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். பரமக்குடியைத் தாண்டும்போதே புட்டி வெந்நீர்ப் புட்டியைப்போலச் சூடாகிவிட்டது. மாட்டுத்தாவணியில் இறங்கித் திறந்தபோது வந்த வாடையே விடை சொல்லிவிட்டது. தவறு முழுக்க என்னுடையது: அத்தனை உயிர்களைச் சிறிய புட்டியில் அடைத்தேன், மூச்சுவிட மேலே காற்றிடம் விடவில்லை, வெயிலையும் எண்ணவில்லை. இப்போது மாதிரியை வடிகட்டிய கடல்நீரில் பல மடங்கு நீர்த்து, பாதிப் புட்டி மட்டும் நிரப்பி, செய்தித்தாளில் சுற்றிய பனிக்கட்டியோடு தெர்மோகோல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன். முடிந்தால் மண்டபத்திலேயே ஒரு மேசையையும் நுண்ணோக்கியையும் தேடிக்கொள்வது இதையெல்லாம்விட நல்லது.

உயிரோடு பார்ப்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஃபார்மலினில் லார்வா சுருங்கிவிடும். சாராயத்தில் நிறம் கரைந்துவிடும். நீந்தும் விதம் எதிலும் மிஞ்சாது. தட்டின் ஒரு பக்கம் டார்ச் விளக்கை வைத்தால் பல புழு லார்வாக்கள் வெளிச்சத்தை நோக்கி வந்து குவியும். அங்கிருந்து சொட்டுக் குழாயால் எடுத்துக் குழிக்கண்ணாடியில் விடலாம். ஓட்டம் நிற்காவிட்டால் கடல்நீரின் செறிவுக்கு ஏற்பக் கரைத்த மக்னீசியம் குளோரைடு கரைசலைச் சில துளிகள் சேர்த்தால் மயங்கி நீண்டு கிடக்கும். மூடுகண்ணாடியின் நான்கு மூலையிலும் கடுகளவு களிமண்ணை ஒட்டி வைத்தால் விலங்கு நசுங்காது.

இப்படி எடுத்த துளியில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஸ்பியோனிட் குடும்பத்து லார்வாவாகத்தான் இருக்கும். கரையோரக் கடல்களில் இவை ஏராளம். ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம். முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்கிய உடல். தலைமடலின் மேல் ஏறத்தாழ ஒரே குறுக்குக்கோட்டில் மூன்று சோடிக் கண்புள்ளிகள். வாயின் இருபுறமும் கன்னம் உப்பினாற்போன்ற மடல்கள். தொந்தரவில்லாமல் நீந்தும்போது முள்மயிர்களை உடலோடு ஒட்டி மடித்து வைத்திருக்கும். குழாயின் நுனியால் மெல்லத் தொட்டால், உடல் வளைந்து பந்தாகச் சுருள, முள்மயிர்கள் அனைத்தும் ஒரே கணத்தில் முள்ளம்பன்றியின் முட்களைப்போல எல்லாத் திசையிலும் விரியும். மீன்குஞ்சின் வாய்க்குள் போனாலும் விழுங்கக் கடினமான உருவம். சில நொடிகள் கழித்துத் தயங்கித் தயங்கி விரிப்பை மடக்கிக்கொண்டு மறுபடி நீந்தத் தொடங்கும். இந்த முள்மயிர்களில் மிக நீளமானவை முதல் கண்டத்தில் இருப்பவை. இளம் லார்வாவில் அவை உடலின் கடைசிவரை எட்டும். அதிக உருப்பெருக்கத்தில் அவற்றின் விளிம்பில் நுண்ணிய பற்கள் தெரியும். முதல் கண்டத்தில் இத்தகைய நெடிய, பல்விளிம்புள்ள முள்மயிர்க் கொத்து இருப்பதும், பிற்பட்ட நிலையில் தலைக்குப் பின்னிருந்து பால்ப் எனப்படும் இரண்டு நீண்ட உணர்நீட்சிகள் முளைப்பதும் சேர்ந்தால் ஸ்பியோனிட் என்ற முடிவுக்கு வரலாம்.

இக்குடும்பத்தில் பாலிடோரா என்ற பேரினமும் அதன் நெருங்கிய உறவுகளும் தனிக் கவனத்துக்கு உரியவை. இவற்றில் சில முத்துச்சிப்பி உள்ளிட்ட ஓடுகளைத் துளைத்து உள்ளே வாழ்கின்றன. முத்துக் குளிப்புக்குப் பேர்பெற்ற மன்னார் வளைகுடாக் கரையில் இருந்துகொண்டு இவற்றை அறியாமல் இருப்பது பொருந்தாது. தாய்ப்புழு முட்டைகளைப் பைகளில் அடைத்துத் தன் குழாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். பல இனங்களில் குஞ்சு வெளிவரும்போதே மூன்று முள்மயிர்க் கண்டங்களோடு வரும். முதுகில் வரிசையாக அமைந்த கரும்புள்ளிகள் பலவற்றில் காணப்படும். ஆயினும் உறுதியான அடையாளம் ஐந்தாம் கண்டத்தில்தான் இருக்கிறது. மற்ற கண்டங்களில் மெல்லிய முள்மயிர்கள் இருக்க, ஐந்தாவதில் மட்டும் தடித்த கொக்கிபோன்ற முட்கள் உருவாகும். குடியேறும் பருவத்தை நெருங்கிய லார்வாவில் இவை தோலுக்கடியில் பழுப்பாகத் தெரியத் தொடங்கும். தலைப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்து ஐந்தில் அந்த முட்களைக் கண்ட மாணவர் யாரும் அன்றைக்கு நுண்ணோக்கியை அடுத்தவருக்கு எளிதில் விட்டுக்கொடுத்ததில்லை.

ஜாடியில் பார்த்த நீரிஸின் குடும்பம் வேறு விதம். இக்குடும்பத்தில் பலவற்றின் முட்டையில் மஞ்சள்கரு மிகுதி. ஆகவே குஞ்சு தொடக்க நாட்களில் உண்ணாமலே வளரும். உடலின் நடுவில் அம்பர் நிறத்தில் எண்ணெய்த் துளிகள் மின்னும். ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்பட்ட பிளாட்டிநீரிஸ் டுமெரிலி என்ற இனத்தில், 18 டிகிரி செல்சியஸில், கருவுற்ற 24 மணி நேரத்தில் ட்ரோக்கோஃபோரும் 72 மணி நேரத்தில் மூன்று கண்ட நெக்டோகீட்டும் உருவாகிவிடுகின்றன. அந்த மூன்று கண்ட நிலையே இக்குடும்பத்தின் முத்திரை: மூன்று சோடிப் பக்கக்கால்கள், தலையில் இரண்டு சோடிக் கண்கள், முன்னால் உணர்கொம்புகள், வால்முனையில் இரண்டு இழைகள், தோலினூடே தெரியும் பல்விளிம்புள்ள இரு தாடைகள். முள்மயிரும் எளிமையானது அன்று; தண்டும் அலகும் மூட்டில் பொருந்திய கூட்டு முள்மயிர். ஒரு பொறியும் இங்கே உண்டு. வளர வளர, முதல் கண்டத்தின் பக்கக்கால்கள் முள்மயிரை இழந்து தலையோடு சேர்ந்து உணர்நீட்சிகளாகிவிடும். அதனால் நேற்று முதலாவது என்று எண்ணிய கண்டம் இன்று எண்ணிக்கையிலேயே இராது. தட்டில் வளர்ப்பவர்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம்.

ஏனைய குடும்பங்களில் சிலவற்றை ஒரு பார்வையிலேயே அறியலாம். கைட்டோப்டெரிட் லார்வா பீப்பாயைப்போல இருக்கும்; முன்வளையம் இல்லாமல், மத்தளத்தின் நடுவில் வார் கட்டியதுபோல உடலின் நடுவே ஒன்றோ இரண்டோ குறுயிழை வளையங்கள் ஓடும். மஜெலோனா லார்வாவுக்குத் தன் உடலுக்கு ஒவ்வாத நீளத்தில் இரண்டு உணர்நீட்சிகள், அவற்றில் சிறுசிறு முகிழ்கள். நெருப்புப் புழுக் குடும்பத்தின் ராஸ்ட்ரேரியா லார்வாவுக்கும் நீண்ட இரட்டை உணர்நீட்சிகள் உண்டு, ஆனால் அவை நன்றாகச் சுருங்கி நீளும். வெப்பக் கடல்களில் இவற்றை எதிர்பார்க்கலாம். செதிற்புழுக்களின் பிற்கால லார்வாவில் முதுகின் மேல் வட்டச் செதில்கள் சோடி சோடியாக ஓடு வேய்ந்தாற்போலக் கிடக்கும்; வேறெதோடும் குழம்ப வாய்ப்பில்லை. டெரிபெல்லிட் குடும்பத்தில் சில லார்வாக்கள் தாமே சுரந்த ஒளி ஊடுருவும் குழாய்க்குள் இருந்தபடியே மிதந்து திரியும். செர்பூலிட் லார்வா மூன்று முள்மயிர்க் கண்டங்களோடு குடியேறத் தயாராகிவிடும். பாறையிலும் படகின் அடியிலும் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் கட்டுவது இதுவே.

சபெல்லாரிட் லார்வாதான் தொடக்கநிலையினரை ஸ்பியோனிட் என்று நம்பவைத்து ஏமாற்றும். இதற்கும் உடலளவு நீளும் முள்மயிர்க் கொத்துகள் இருபுறமும் உண்டு. வேறுபாட்டைக் காண உருப்பெருக்கத்தைக் கூட்டி ஒற்றை முள்மயிரைப் பாருங்கள்: சபெல்லாரிடில் அது மூங்கில் கணுக்களைப்போல வளையம் வளையமாகப் பற்களைத் தாங்கியிருக்கும். தடித்துக் கட்டையான முன்னுடலும் துணை செய்யும். ஓவெனியா குடும்பத்தின் மிட்ராரியா லார்வா இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது. விளிம்பு நெளிந்த மணி ஒன்று, அதன் கீழிருந்து இரண்டு கொத்து நெடிய முள்மயிர்கள். கண்டமே வெளியே தெரியாது. புழுவின் உடல் உள்ளுக்குள் மடிந்து வளர்ந்துகொண்டிருக்கும். நேரம் வந்ததும் குறுகிய பொழுதில் அது வெளியே விரிய, மணியும் முள்மயிர்களும் கழிந்துபோகும். நான் இதை உயிரோடு இரண்டே முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பார்த்தபோது சொறிமீனின் குஞ்சு என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். முள்மயிரைக் கண்ட பிறகும் அப்படி எழுதியதற்கு மன்னிப்பே கிடையாது, ஏனெனில் சொறிமீனுக்கு முள்மயிர் ஏது?

நிறத்தையும் அளவையும் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி எப்போதும் வரும். குடலின் நிறத்தை நம்பவே வேண்டாம். அது தின்ற பாசியின் நிறம். தோலின் நிறப்புள்ளிகள் அமைந்திருக்கும் வரிசை பயனுள்ளது, ஆனால் புள்ளிகள் விரிந்தும் சுருங்கியும் தோன்றும் என்பதால் எந்தக் கண்டத்தில் இருக்கின்றன என்பதையே குறிக்க வேண்டும், எவ்வளவு பெரியவை என்பதை அன்று. அளவு, உணவையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும். கண்ட எண்ணிக்கையும் கூடிக்கொண்டேதான் போகும், ஆயினும் அது லார்வாவின் பருவத்தைக் காட்டுவதுபோல அளவு காட்டாது.

பெயர் சொல்வதில் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வது தொடக்கநிலையில் நேர்மையான எல்லை என்பது என் கருத்து. இனப்பெயர் வேண்டுமென்றால் இரண்டே வழிகள் உண்டு. லார்வாவைத் தட்டில் வைத்து, பாசி உணவு கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றி, அது குடியேறி வளரும்வரை பொறுத்திருந்து வளர்ந்த புழுவைக் கொண்டு பெயர் காண்பது ஒன்று. மரபணுத் துண்டைப் படித்து, பெயர் அறிந்த புழுவோடு ஒப்பிடுவது மற்றொன்று. முதல் வழிக்கு வேண்டியது பொறுமையும் ஒரு சிட்டிகை மெல்லிய மணலும். மணல் இல்லாத தட்டில் பல லார்வாக்கள் குடியேறுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே நீந்தும்; மணலைத் தூவிய சில மணி நேரத்தில் அடியில் இறங்கி, நெடிய முள்மயிர்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, மணல்துகளைப் பொறுக்கிக் குழாய் கட்டத் தொடங்குவதைப் பார்க்கலாம்.

அதுவரை புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் எழுத வேண்டியது இவ்வளவே: இடம், தென்கடலா வடகடலா, நாள், வலைக்கண் அளவு, குடும்பம், முள்மயிர்க் கண்டங்களின் எண்ணிக்கை. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.